மேம்பாட்டிலிருந்து பாதுகாப்பு: மைசூரின் குடிசைப்பகுதிகளும் சூழல், சமூகக் காப்பு விதிகளும்

நகர்ப்புறக் குடிசைப்பகுதி ஒன்றில் சாலை போடுவது, கழிவுநீர்க் குழாய் பதிப்பது, ஓலையும் தகரமும் வேய்ந்த வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுவது ஆகிய யாவும் அங்கு வாழ்வோரின் நன்மைக்கே என்று முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், அந்த வேலைகளாலேயே அவர்களுக்குத் தீங்கு நேரக்கூடும் என்ற எண்ணம் திட்டக் கோப்புகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. அணைக்கும் நெடுஞ்சாலைக்கும் கேட்கப்படும் கேள்விகள் குடிசைப்பகுதி மேம்பாட்டிடம் கேட்கப்படுவதில்லை. அந்தக் கேள்விகளைக் கட்டாயமாக்கும் விதிகளின் தொகுப்பே காப்பு விதிகள் எனப்படுகிறது. ஒரு திட்டம் தொடங்கும் முன் அதனால் மண்ணுக்கும் நீருக்கும் மனிதருக்கும் நேரக்கூடிய கேட்டை அளந்து, தவிர்க்கக்கூடியதைத் தவிர்த்து, தவிர்க்க முடியாததற்கு ஈடு செய்து, குறை கேட்க ஒரு வழியையும் திறந்து வைப்பது அவற்றின் நோக்கம். மைசூர் நகரம் நூற்றாண்டுக்கு மேலாகத் தன்னைத் திட்டமிட்டுச் சீரமைத்துக்கொண்டு வந்துள்ள ஊர் என்பதால், இந்த விதிகள் எங்கே பிடிக்கின்றன, எங்கே நழுவுகின்றன என்பதை அங்கு தெளிவாகக் காணமுடியும்.

1897-98இல் மைசூர் சமஸ்தானத்தைத் தாக்கிய பிளேக் நோய் நகரின் நெருக்கமான தெருக்கள்மீது அரசின் பார்வையைத் திருப்பியது. அதன் தொடர்ச்சியாக 1903இல் மைசூர் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் உருவாயிற்று. பம்பாயில் 1898இல் இதே நோயின் விளைவாக இதே வகை அமைப்பு ஒன்று தோன்றியிருந்தது. அகன்ற சாலைகளும் வட்டச் சந்திப்புகளும் காற்றோட்டமான விரிவாக்கப் பகுதிகளும் மைசூருக்குக் கிடைத்தது அக்காலத்து முயற்சியால்தான். அக்காலத்து மொழியில் மேம்பாடு என்பது பெரும்பாலும் நெருக்கத்தை அகற்றுவதையே குறித்தது. அகற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்பது வாரியத்தின் பொறுப்பாகக் கருதப்படவில்லை. 1980களின் பிற்பகுதியில் அவ்வாரியத்தின் இடத்தை நகர வளர்ச்சி ஆணையம் பிடித்துக்கொண்டது. எனினும் இடத்தைச் சீராக்கினால் வாழ்க்கை தானே சீராகிவிடும் என்ற பழைய நம்பிக்கை எளிதில் மாறவில்லை.

சட்டத்தின் தளத்தில் முதன்மையானது 1973ஆம் ஆண்டின் கர்நாடகக் குடிசைப்பகுதிகள் (மேம்பாடு, அகற்றுதல்) சட்டம். தமிழ்நாட்டில் 1971இல் இயற்றப்பட்ட சட்டத்தோடு இதற்குப் பெயரிலும் அமைப்பிலும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. கர்நாடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஓர் இடத்தைக் குடிசைப்பகுதி என்று அறிவிக்கவும், 11ஆம் பிரிவு அதையே அகற்றப்படவேண்டிய பகுதி என்று அறிவிக்கவும், 17ஆம் பிரிவு நிலத்தைக் கையகப்படுத்தவும் வழிசெய்கின்றன. இச்சட்டத்தைச் செயற்படுத்த அமைந்த கர்நாடகக் குடிசை அகற்று வாரியம் பின்னாளில் குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டு வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. பெயரிலிருந்து அகற்றுதல் நீங்கிய பிறகும் சட்டத்தில் அது நிற்கிறது. நடைமுறையில் இதைவிடப் பெரிய சிக்கல் அறிவிக்கையைப் பற்றியது. அறிவிக்கை பெற்ற பகுதிக்கு வாரியத்தின் நிதி வரும், குடியிருப்போரை வெளியேற்றுவதற்குச் சட்டத் தடையும் ஓரளவு உண்டு. அறிவிக்கை பெறாத பகுதிக்கு இவ்விரண்டும் இல்லை. எனவே ஏரிக்கரையிலோ ரயில்பாதை ஓரத்திலோ ராஜ காலுவே எனப்படும் பெருவடிகால் கரையிலோ வாழும் மிக ஏழைகள்தாம் காப்பு விதிகளுக்கு மிகத் தொலைவில் இருக்கிறார்கள்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பிழைப்பை இழப்பது உயிர்வாழும் உரிமையைப் பாதிக்கும் என்று ஏற்றுக்கொண்டு, முன்னறிவிப்பும் விசாரணையும் இன்றி வெளியேற்றுவது முறையன்று என்றது. ஆனால் அத்தீர்ப்பு வெளியேற்றத்தைப் பற்றிப் பேசியதே தவிர மேம்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. வீட்டை இழக்காமல், வீட்டின் முன்புறத்தையோ கிணற்றையோ வாடகைதாரர் என்ற நிலையையோ இழப்பவருக்கு அதில் நேரடியான விடை கிடைப்பதில்லை.

காப்பு விதிகள் இன்றைய வடிவத்தைப் பெற்றது சர்வதேசக் கடன் நிறுவனங்களின் வழியாக. உலக வங்கி 1980இல் கட்டாய இடப்பெயர்வு குறித்த முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. நர்மதையின் சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்தோர் நிலையை ஆராய்ந்த மோர்ஸ் குழு 1992இல் அளித்த அறிக்கையும், மறு ஆண்டே அவ்வணைக்கான வங்கிக் கடன் நின்றுபோனதும் அவ்விதிகளுக்குக் கூர்மை தந்தன. ஆசிய வளர்ச்சி வங்கி 1995இல் தன் கட்டாய மறுகுடியமர்வுக் கொள்கையையும், 2009இல் சூழல், மறுகுடியமர்வு, பழங்குடியினர் ஆகிய மூன்றையும் இணைத்த காப்புக் கொள்கையையும் ஏற்றது. உலக வங்கியின் இப்போதைய சூழல், சமூகச் சட்டகம் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவை அனைத்திலும் பொதுவான மூன்று கருத்துகள் உள்ளன. ஒரு குறித்த நாளில் கணக்கெடுப்பு நடத்தி, அந்நாளில் அங்கிருந்தோர் யாவரையும் பதிவு செய்வது முதலாவது. அந்நாளுக்குக் கெடுநாள் என்று பெயர். இழந்த பொருளுக்கு அதன் தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளாமல், அதே போன்ற ஒன்றை இன்று பெற என்ன செலவாகுமோ அதைத் தருவது இரண்டாவது. நிலத்துக்குப் பட்டா இல்லாதவரும் அந்நிலத்தின்மேல் எழுப்பிய சுவருக்கும் கூரைக்கும் நடத்திவந்த பிழைப்புக்கும் ஈடு பெறத் தகுதியுடையவர் என்பது மூன்றாவது. குடிசைப்பகுதிகளைப் பொறுத்தவரை மூன்றாவது கருத்துக்கு ஈடான ஒன்று இந்தியச் சட்டத்தில் தெளிவாக இல்லை. 2014 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டுகள் ஓரிடத்தில் தொழில் செய்து வாழ்ந்த வாடகைதாரரையும் கைவினைஞரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கொள்கிறது. ஆயினும் கையகப்படுத்தல் நடந்தால்தான் அச்சட்டம் எழுந்து வரும். குடிசைப்பகுதி அரசு நிலத்திலேயே இருக்கும்போது கையகப்படுத்த எதுவும் இல்லை. ஆகவே சமூகத் தாக்க மதிப்பீடும் இல்லை.

இவ்விதிகள் பெருந்திட்டங்களின் அளவுகோலில் வார்க்கப்பட்டவை என்பதும் கருதத்தக்கது. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கையில் 200 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வீடிழந்தால், அல்லது பிழைப்புதரும் உடைமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இழந்தால், தாக்கம் கணிசமானது எனப்பட்டது. குடிசைப்பகுதியில் நிகழும் இழப்புகள் வேறு வகையானவை. பன்னிரண்டுக்குப் பத்தடி வீட்டின் முன் இருக்கும் மூன்றடித் திண்ணை, தெருவை அகலப்படுத்தும்போது போய்விடுகிறது. வரைபடத்தில் அது ஆக்கிரமிப்பு. அவ்வீட்டுப் பெண்ணுக்கு அது சமையல் செய்யும் இடம், ஊதுபத்தி உருட்டும் இடம், முதியவர் இரவில் படுக்கும் இடம். நாற்பது வீடுகளில் நாற்பது திண்ணைகள் போனாலும் எந்த வரம்பும் மீறப்படாது. சிறிதுசிறிதாக, பலருக்கும் ஒருசேர நேரும் இத்தகைய இழப்பே மேம்பாட்டுப் பணிகளின் இயல்பான தீங்கு. அதை எடைபோடும் தராசு இப்போதுள்ள விதிகளில் இல்லை.

காப்பு விதிகள் எல்லாத் திட்டங்களுக்கும் ஒருபோலப் பொருந்தாததை மைசூரில் நிதி வந்த வழிகளே காட்டுகின்றன. 1995 இறுதியில் ஒப்புதல் பெற்ற ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மைசூர், தும்கூர், ராமநகரம், சன்னபட்டணம் ஆகிய நான்கு ஊர்களுக்கான நகர்ப்புற உள்கட்டமைப்புத் திட்டம் நடந்தது. பத்தாண்டுக்குப் பின், 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு இயக்கத்தில் கர்நாடகத்திலிருந்து பெங்களூரும் மைசூரும் சேர்க்கப்பட்டன. அதன் ஒரு கிளையான நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதித் திட்டம் குடியிருப்புரிமை, வீடு, குடிநீர், கழிப்பிடம், கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு என ஏழு உறுதிகளைத் தந்தது. முதலாவது வெளிநாட்டுக் கடன் என்பதால் வங்கியின் கொள்கைகள் அதனுடன் சேர்ந்தே வந்தன. இரண்டாவது உள்நாட்டு நிதி என்பதால் அத்தகைய கட்டாயம் எதுவும் அதனுடன் வரவில்லை. ஏழு உறுதிகளில் அளக்க எளிதான வீட்டு எண்ணிக்கையே நாடெங்கும் இலக்காக மாறியது. 2015இல் வந்த பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டமும் இவ்வகையில் வேறுபடவில்லை. ஒரே நகரில் ஒரே வகைத் தெருவுக்கு, பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வெவ்வேறு நீதி கிடைப்பது ஏற்கத்தக்கதன்று.

சூழல் கேள்விகளுக்கு மைசூரின் நில அமைப்பே முதல் சான்று. நகரின் வடபகுதி காவிரியை நோக்கியும் தென்பகுதி கபினியை நோக்கியும் சரிகிறது. தென்கிழக்கே சாமுண்டி மலை. கழிவுநீரும் இச்சரிவுகளையே பின்பற்றி, வடக்கே கேசரெயிலும் தெற்கே வித்யாரண்யபுரத்திலும் ராயன்கெரெயிலும் அமைந்த மூன்று சுத்திகரிப்பு நிலையங்களைச் சென்றடைகிறது. முறையே நாளொன்றுக்கு 3 கோடி, 6.765 கோடி, 6 கோடி லிட்டர் கொள்ளளவு அவற்றுக்கு வகுக்கப்பட்டது. வித்யாரண்யபுரத்து நிலையம் இருக்கும் இடத்தை ஊரார் இன்றும் சூயேஜ் பார்ம் என்றே சொல்கிறார்கள்; நகரின் குப்பைக் கிடங்கும் அங்கேதான் வளர்ந்தது. நிலம் மலிவாகக் கிடைப்பது இத்தகைய தாழ்வான இடங்களை ஒட்டித்தான் என்பதால், நகரின் கழிவும் நகரின் ஏழைகளும் ஒரே திசையில் தள்ளப்பட்டது தற்செயல் ஆகாது. மேட்டுப் பகுதியின் குழாய் இணைப்புகள் பெருகப்பெருக, தாழ்வான பகுதியின் மேன்ஹோல்கள் மழைக்காலத்தில் பொங்குகின்றன. ஒரு குடியிருப்புக்குள் புதிய கழிவுநீர்க் குழாய் பதிப்பது மட்டும் சூழல் மேம்பாடு ஆகிவிடாது. அக்குழாய் சேரும் பெருங்குழாய்க்கும் அதன் கடைசியிலிருக்கும் ஏரிக்கும் இடமுண்டா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். தளவாய் ஏரி கழிவுநீரால் கெட்ட வரலாறு அந்தப் பார்வை இல்லாததன் விளைவு.

தெருவின் மட்டம் இன்னொரு கேள்வி. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே கான்கிரீட் கொட்டுவது ஒப்பந்ததாரருக்கு எளிது. ஒவ்வொரு முறையும் தெரு அரையடி உயர, வாசற்படி தெருவுக்குக் கீழே இறங்குகிறது. மைசூரில் மே மாதத்திலும் அக்டோபரிலும் இடியுடன் கொட்டும் மழை அப்போது தெருவில் ஓடாமல் வீட்டுக்குள் வருகிறது. குடிசைப்பகுதிக்குச் சாலை போட்டதாகக் கணக்கில் எழுதப்படும் பணி, அங்குள்ளவருக்குச் சொந்தச் செலவில் தரையை உயர்த்தும் கட்டாயமாக முடிகிறது. தரையை உயர்த்தினால் கூரை தலையில் இடிக்கும்; கூரையையும் உயர்த்தக் கடன் வாங்கவேண்டும். சாலை மட்டம் அருகிலுள்ள வாசற்படிகளை விட இத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும் என்ற ஒற்றை வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இது நேராது. காப்பு விதி என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒற்றை வரிதான்.

கூரைகள் பற்றியும் இதையே சொல்லவேண்டும். பல குடியிருப்புகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. அதை இடிக்கையில் சுத்தியால் உடைத்தால் பறக்கும் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் நோயாக வெளிப்படும். ஓட்டை நனைத்து, உடைக்காமல் கழற்றி, மூடிக் கட்டி அப்புறப்படுத்துவது ஏற்கப்பட்ட முறை. வீட்டுக்காரரே தம் கையால் கூரையைப் பிரித்து, உடைந்த துண்டுகளைத் தற்காலிகக் குடிசைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சூழலில் இம்முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கே முன் அனுமதி கேட்கிறது. ஒரு சில நூறு சிறிய வீடுகள் கொண்ட தொகுப்பு அந்த வரம்பைத் தொடுவதே இல்லை. நடப்பிலுள்ள விதிகளின்படி, நகரின் மிக நெருக்கமான இடத்தில் நிகழும் இடிப்பும் கட்டுமானமும் சூழல் மதிப்பீடு தேவையில்லாத வேலை.

2015இலும் 2016இலும் நாட்டின் தூய்மையான நகரங்களின் பட்டியலில் மைசூர் முதலிடம் பெற்றது. அந்தத் தூய்மையைத் தோளில் சுமக்கும் பௌரகார்மிகர் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்களில் பலர் வாழ்வது இதே போன்ற குடியிருப்புகளில். குழாய் பதிக்கும் திட்டத்தில் மேன்ஹோல் எங்கே வைக்கப்படுகிறது, அடைப்பெடுக்கும் இயந்திர வண்டி அதுவரை போக முடியுமா என்பது அவர்களுடைய உயிர் சார்ந்த கேள்வி. ஆறடி அகலச் சந்தில் வண்டி நுழையாது. அடைப்பு ஏற்பட்டால் மனிதர்தான் இறங்கவேண்டும் என்ற அழுத்தம் உருவாகும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியுள்ளது. எனவே குறுகிய சந்துகளுக்கு ஆழம் குறைந்த குழாயும், தரையிலிருந்தே குச்சியால் சுத்தம் செய்யக்கூடிய சிறு தொட்டிகளும் தேவை. கராச்சியின் ஒராங்கியில் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய பணியில், தெருவாரியாக மக்களே சேர்ந்து குறைந்த செலவில் கழிவுநீர்க் குழாய் அமைத்துக்கொண்டது இத்துறையில் இன்றும் பேசப்படும் முன்மாதிரி. பொறியியல் வரைபடத்தை முதலில் அந்தத் தெருவில் வாழ்பவரும் பின்னர் அதைப் பராமரிக்கப் போகிறவரும் பார்த்துக் கையெழுத்திடுவது, சூழலுக்கும் சமூகத்துக்கும் ஒருசேரக் காப்பாகும்.

சமூகத் தாக்கங்களில் மைசூருக்கே உரியது வீட்டிலிருந்து செய்யும் தொழில். புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஊதுபத்தியின் பின்னே, வீட்டு வாசலில் அமர்ந்து உருட்டும் பெண்களின் கைகள் இருக்கின்றன. மண்டி மொகல்லாவையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் சேர்ந்த பல குடும்பங்களுக்குப் பீடி சுற்றுவது வருமானம். மேதர் சமூகத்தார் மூங்கிலைப் பிளந்து கூடையும் தட்டியும் முடைகிறார்கள். மூன்றுக்கும் தரையோடு ஒட்டிய வாசல் வேண்டும். உருட்டிய குச்சிகளை உலர்த்தப் பரப்பவும், பீடி இலையை நனைத்து வைக்கவும், பதினைந்தடி மூங்கிலைக் கிடத்திப் பிளக்கவும் திறந்தவெளி வேண்டும். முகவர் சரக்கைக் கொடுக்கவும் எடுக்கவும் வண்டி வந்து நிற்கவேண்டும். 25 அல்லது 30 சதுர மீட்டர் பரப்புள்ள மூன்றாம் மாடி வீட்டில் இவற்றில் எதற்கும் இடமில்லை. வீட்டின் மதிப்பு கூடியும் குடும்பத்தின் வருமானம் குறைவது இப்படித்தான். சதுர மீட்டரில் கணக்கிடும் திட்டம் மாடிப்படியை ஒரு செலவாகக் காண்பதில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் வீட்டில் எத்தனை பேர் என்பதோடு, வீட்டில் என்ன தொழில், அதற்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியும் இருந்தால், தரைத்தளத்தில் பொது வேலைக்கூடமோ தாழ்வான வரிசை வீடுகளோ திட்டத்தில் இடம்பெறும்.

வாடகைதாரர் நிலை இதைவிட மோசம். பயனாளிப் பட்டியல் வீட்டின் பெயரில் தயாராகிறது. வாடகைக்கு இருப்பவரின் பெயர் அதில் ஏறுவதில்லை. பணி முடிந்த குடியிருப்பில் வாடகை உயரும்போது அவர் இன்னும் வெளியே, இன்னும் தாழ்வான கரைக்குப் போகிறார். அறிவிக்கை பெறாத அடுத்த குடிசைப்பகுதி அங்கே பிறக்கிறது. கட்டுமானக் காலத்தில் எல்லாருக்குமே இடைக்காலத் தங்குமிடம் தேவைப்படுகிறது. ஓராண்டு எனத் தொடங்கும் பணி பல ஆண்டுகள் இழுக்கும்போது அந்தக் கொட்டகையே வீடாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு அனுபவம் இங்கே மிகவும் பயன்படும், அதன் இரண்டு முகங்களும். 1977இல் உலக வங்கிக் கடனுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதையும், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் மட்டும் தந்து வீட்டை மக்களே கட்டிக்கொள்வதையும் முயன்றது. அம்மனைப்பகுதிகள் இன்று நகரின் இயல்பான பகுதிகளாகக் கலந்துவிட்டன. 2000க்குப் பின் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த குடியிருப்புகள் நகரின் நடுவில் வீட்டு வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த குடும்பங்களைப் பல கிலோமீட்டர் தள்ளி வைத்தன. வேலை, பள்ளி, பேருந்து எல்லாம் பின்னாலேயே வந்து சேரவேண்டியிருந்தது. புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்ககத்தில் 2021இல் சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்த செய்தி வெளியாகி ஆய்வுக்கு உள்ளானது, இருந்த இடத்திலேயே கட்டினாலும் கட்டடத் தரத்தைச் சரிபார்ப்பதும் ஒரு காப்பு விதியே என்பதை நிறுவியது. ஒடிசா வேறு வழியில் போயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சிறிய, நடுத்தர நகரங்களின் குடிசைவாழ் மக்களுக்கு, வாரிசுக்குச் செல்லக்கூடிய நில உரிமையை அது முதலில் கொடுத்தது. ஆளில்லா விமானப் படத்தை வைத்துக்கொண்டு மக்களே தெருத்தெருவாக எல்லை காட்ட, அதன்பின் வசதிகள் வந்தன. கர்நாடகத்தில் வழங்கப்படும் ஹக்கு பத்திரம் என்னும் உரிமைச் சான்றும் இந்தத் திசையில் செல்லக்கூடியதே. உரிமை முதலில் வந்தால், திண்ணைக்கு ஈடு கேட்பவர் ஆக்கிரமிப்பாளர் என்ற சொல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை.

ஒரு முரணை நேர்மையோடு எதிர்கொள்ளவேண்டியுள்ளது. சூழல் காப்பும் சமூகக் காப்பும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் பெங்களூரின் ஏரிகளைச் சுற்றி 75 மீட்டரும் ராஜ காலுவேக்களின் இருபுறமும் 50 மீட்டர் வரையும் கட்டடமற்ற வளையம் வேண்டும் என்றது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வடிகாலின் பாதை அடைபட்டால் வெள்ளம் வரும் என்பது உண்மை. அத்தகைய வளையம் நடைமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் இடிபடுவது குடிசை என்பதும் உண்மை. கரையில் உயிருக்கு ஆபத்துள்ள வீடுகள் மாறத்தான் வேண்டும். ஆனால் அம்மாற்றம் அதே வார்டுக்குள், பழைய வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தொலைவில், புதிய வீடு தயாரான பிறகே நிகழவேண்டும். அதே வடிகாலில் நிற்கும் திருமண மண்டபத்துக்கும் அடுக்ககத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தவேண்டும்.

இவை எதற்கும் புதிய பெருஞ்சட்டம் தேவையில்லை. குடிசைப்பகுதி மேம்பாட்டு வாரியம் தன் ஒப்பந்தப் படிவத்திலும் கணக்கெடுப்புப் படிவத்திலும் சில வரிகளைச் சேர்த்து, நிதி எங்கிருந்து வந்தாலும், பகுதி அறிவிக்கை பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றைக் கட்டாயமாக்கலாம்: வாடகைதாரரும் வீட்டுத் தொழிலும் பதிவாகும் கணக்கெடுப்பு, அதன் பட்டியல் தெருவிலேயே கன்னடத்தில் மட்டுமன்றி அங்கு பேசப்படும் உருதுவிலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்டப்படுதல், தெரு மட்டத்துக்கு உச்ச வரம்பு, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் முறை, இயந்திரம் எட்டாத மேன்ஹோலுக்குத் தடை, பணி நடக்கும் வார்டிலேயே புகார் பெற்று எழுத்தில் விடை தரும் அலுவலர். அடுத்த குடியிருப்பில் முதல் கடப்பாரை விழும் முன் வாரியமும் மாநகராட்சியும் இதைச் செய்யவேண்டும். செய்யும்வரை, ஒவ்வொரு பணியாணையிலும் இவ்வரிகள் உள்ளனவா என்று கேட்கும் கடமை வார்டு உறுப்பினர்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் உண்டு.